ஐம்பதை நெருங்குகிறவர் ராக் கச்சேரிக்குப் போவது எப்படி?

முதலில் ஒரு கேசட் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை. அவர்கள் போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். முழங்கால் நல்ல நிலையில் இருக்கும். யாருடைய யோசனையும் கேட்காமல் போய்விட்டு வந்துவிடுவார்கள்.

என்னுடையது அறுபது நிமிடக் கேசட். 1988-ல் திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்தது. கூடப் படித்தவனின் அண்ணன் துபாயிலிருந்து வரும்போது யு2 குழுவின் ‘த ஜோஷுவா ட்ரீ’ ஒரிஜினல் கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். ‘ஒரே ராத்திரி, காலையில திருப்பிக் கொடுத்துடணும்’ என்ற நிபந்தனையோடு வாங்கிக் கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். ஆல்பம் ஐம்பது நிமிடம். முதல் பக்கத்து ஐந்து பாட்டும் இருபத்துநாலு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஆறு நிமிடம். நாடாவை வெறுமனே ஓடவிட அந்தக் கடைக்காரருக்கு மனசு வராது. காசு கொடுத்த பையன் ஏமாறக் கூடாதென்று, அப்போது ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த ‘நாயகன்’ படத்து டூயட்டை அந்த இடத்தில் போட்டு நிரப்பிவிட்டார். இரண்டாம் பக்கத்துக் கடைசியில் நாலு நிமிடம்தான் மிஞ்சியது. அதில் டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு ஒன்று. சரணத்தின் நடுவில் டப்பென்று நின்றுவிடும்.

ஆக, என்னைப் பொறுத்தவரை யு2-வின் மகத்தான ஆல்பம் பதின்மூன்று பாட்டுக் கொண்டது. அதில் ஒன்று இளையராஜா இசை. முப்பது வருடம் இப்படியே கேட்டுவிட்டேன். இதைச் சொல்லிவைப்பதற்குக் காரணம் பின்னால் வரும்.

முதல் விதி: வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். யு2 முதன்முதலாக இந்தியாவுக்கு வருகிறது, 2019 டிசம்பர் 15, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம், அந்த ஆல்பம் முழுவதையும் வரிசையாக வாசிக்கிறார்கள் என்று நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்.

“அதைத்தான் முப்பது வருஷமா கேட்டாச்சே. அதையே திருப்பிப் பாடுறதைக் கேக்க பம்பாய் வரைக்கும் போகணுமாங்க?”

இதற்குப் பதில் கிடையாது. ஆனால் மறுகேள்வி உண்டு. அதே டிசம்பரில், மயிலாப்பூரில் ஆயிரமாவது தடவையாகத் தோடி கேட்கப் போகிற மாமாவிடம் யாராவது இப்படிக் கேட்கிறார்களா? நான் கேட்டேன். “அங்க கேன்டீன் நல்லா இருக்கும்” என்றாள். போகப் போக அவள் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

அலுவலகத்தில் சொல்வது இன்னும் கஷ்டம். 2014-ல் ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து தங்கள் புது ஆல்பத்தை ஐம்பது கோடிப் பேரின் ஐடியூன்ஸ் கணக்குக்குள் கேட்காமலேயே இறக்கிவிட்டவர்கள் இவர்கள். பாடகர் போனோ பிறகு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவுத் தம்பி இன்னும் ஆறவில்லை. “உங்க ஆளுங்கதானே சார் என் போன்ல பாட்டைக் கொண்டாந்து போட்டது?” என்பான். நானே போட்டதுபோல் தலைகுனிந்து நிற்பேன். பழைய ரசிகர்கள் இதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும். குழு செய்யும் தவறுக்குக் குட்டு வாங்கும் தலை நம்முடையது.

டிக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. விற்பனை தொடங்கும் வேளையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்காதீர்கள். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக் கண் செருகும் தருணத்தில் ஓடிபி வரும். ஓடிபியை அடித்து முடிக்கும் முன் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும். மூன்றாவது முறை எனக்குக் கிடைத்தது நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட். உட்காரும் டிக்கெட்டைவிட அதுதான் மேடைக்குப் பக்கம் என்று மகிழ்ந்தேன். இங்கேதான் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

மும்பையில் உங்களுக்கு ஓர் அத்தை இருப்பது நல்லது. அவர் செம்பூரில் இருந்தால் இன்னும் நல்லது. சயான், மாட்டுங்கா, தாராவி என்று தமிழர் வாழும் இடங்கள் பல உண்டு. ஆனால் நவி மும்பைக்குப் போகும் ஹார்பர் லைன் செம்பூர் வழியாகவே போகிறது. கோவண்டி, மான்குர்டு, பிறகு கழிமுகத்துக்கு மேல் நீளப் பாலம், வாஷி, சான்பாடா, ஜுயிநகர், நெருள். ஏறினால் நேரே இறங்க வேண்டியதுதான். ஒன்று மட்டும்: கச்சேரி ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்தின நாளே மெகா பிளாக் விவரம் பார்த்துவிடுங்கள். தண்டவாளப் பராமரிப்பு என்று ஞாயிறு பகலில் ஏதாவதொரு தடத்தை நிறுத்திவிடுவது மும்பையில் சாதாரணம். எந்தத் தடம், எத்தனை மணி வரை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்திருந்தது.

“பாடறவங்க நாலு பேர்னு சொல்றியே, எல்லாருக்கும் என்ன வயசுடா இருக்கும்?” என்று கேட்டார் அத்தை, கிளம்பும்போது.

“அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது.”

“ரிட்டயர் ஆகற வயசு. பாவம், இன்னும் உழைக்கறாங்க.”

அத்தைக்கு நான் சொன்ன விவரங்களில் அவரை அசைத்தது இது ஒன்றுதான்: 1976-ல் டப்ளினில் ஒரு பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் என்ற பையன் ‘வாசிக்க ஆள் தேவை’ என்று சீட்டு ஒட்டினான். வந்து சேர்ந்தவர்களில் மிஞ்சிய நாலு பேர் 43 வருடமாகப் பிரியாமல் ஒன்றாகவே வாசிக்கிறார்கள். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் தாத்தாவின் வீட்டைப் பங்கு பிரித்தபோது நாலு அண்ணன் தம்பிகள் 43 நாள்கூட ஒன்றாக இருக்கவில்லை. “நல்லவங்களாத்தான் இருக்கணும்” என்று சொல்லி, காதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது, மைதானத்தின் வரலாறு தெரிந்துகொண்டு போகாதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது. 2008 ஜூன் 1-ம் தேதி முதல் ஐபிஎல் இறுதிப் போட்டி நடந்தது இங்கேதான். 163 ரன் அடித்த சென்னை, கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் தோற்றது. வளைந்த கூரை கண்ணில் பட்டதுமே அந்தக் கடைசி ஓவரை பாலாஜி வீசுவதுதான் ஞாபகம் வந்தது. இசை கேட்கப் போகிற மனநிலைக்கு இது உகந்ததாக இல்லை.

வாசலில் பரிசோதனை. பவர் பேங்க் கூடாது, குடை கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது. என் பையிலிருந்து அந்தக் கேசட்டை வெளியே எடுத்தார் காவலர். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. ஆம், அதை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். திருப்பதிக்குப் போகிறவர் மஞ்சள் துணியில் முடிந்த காசைக் கொண்டுபோவதில்லையா?

“யே க்யா ஹை?” என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் “கானா” என்றேன். வெளிச் சாப்பாடு என்று புரிந்துகொண்டாரோ என்னவோ, முகம் இறுகியது. பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இந்தியில் ஓர் எழுத்தின் அழுத்தம்தான் வித்தியாசம். அந்த அழுத்தம் திருச்சிக்காரனுக்கு வராது. கேசட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே சக்கரங்கள் கடகடவென்றன. இரண்டு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். பேட்டரியா என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற கறுப்பு டி-ஷர்ட்டுகள் முனக ஆரம்பித்தன. கடைசியில் மேற்பார்வையாளர் வந்தார். நரைத்த மீசை. கேசட்டைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், ஓட்டையில் நுழைத்தார், தொய்ந்திருந்த நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார், என்னிடம் கொடுத்து, போ என்று தலையசைத்தார். அன்றைக்கு மேடைக்கு வெளியே நான் பார்த்த சிறந்த வாசிப்பு அதுதான்.

இனிக் காத்திருப்பது. மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நிற்கும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றுவதைக் கோயில் யானையிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். தண்ணீர் வாங்கினால் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும்தான் தருவார்கள். மூடியோடு இருந்தால் மேடையை நோக்கி எறிவார்களாம். எறிகிற வயதில் நான் இல்லை என்று வாதாடிப் பயனில்லை. மூடியில்லாத பாட்டிலைக் கையில் பிடித்தவர் கை தட்ட முடியாது, கையைத் தூக்க முடியாது, பக்கத்தில் ஒருவர் குதித்தால் நனையாமல் இருக்க முடியாது. முழுவதையும் குடித்துத் தீர்க்கலாம். அப்படிச் செய்தால் கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டும். அங்கே இரண்டு பாட்டாவது போய்விடும். வழி ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலிருந்தே ஒரு மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பரிசோதனையிலும் மூடியைப் பிடுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

காத்திருக்கும் நேரத்தில்தான் பழைய ரசிகரின் பெரிய நோய் தலைகாட்டும். தகவல் சொல்லும் நோய். சுற்றி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது ‘இதுகளுக்கு ரெண்டு பாட்டுத் தெரியும், போட்டோ எடுக்க வந்திருக்கு’ என்ற எண்ணம் வரும். வாய் தானாகத் திறக்கும். எனக்கு வலப்பக்கம் புனேயிலிருந்து வந்த ஒரு பெண். என் மகள் வயது. தங்க நிறத்தில் மினுங்கிய பிரம்மாண்டத் திரையில் ஒரு மரத்தின் நிழலுருவம் தெரிந்தது. அதைக் காட்டி, அவள் கேட்காமலே விளக்கினேன்: அந்த மரம் கலிஃபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் இருக்கிறது, அங்கேதான் படம் எடுத்தார்கள்.

“இல்ல அங்கிள். அது அங்க இல்ல. ரொம்ப தூரம் தள்ளி, டார்வின்னு ஒரு ஊர் பக்கத்துல இருந்துச்சு. ஆன்டன் கார்பைன் 1986 டிசம்பர்ல எடுத்த போட்டோ. அந்த மரம் 2000 வாக்குல விழுந்துடுச்சு. அட்டையோட முன்பக்கம் டெத் வேலியில எடுத்தது.”

இதெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள். ‘அங்கிள்’ மட்டும்தான் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்த மரம் பூங்காவிலும் இல்லை, நிற்கவும் இல்லை. என் கேசட்டின் அட்டையில் மரமே கிடையாது. கடைக்காரர் நீல மையில் ‘யூ டூ – இங்கிலீஷ்’ என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து தெரியும்? ஆகவே எத்தனையாவது என்று எண் மறந்துபோன விதி: இளையவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். கூகுள் படித்த தலைமுறை அது.

கச்சேரி தொடங்கும்போது எங்கே பார்ப்பது? பெரும்பாலோர் திரையைப் பார்த்தார்கள். இருநூறு அடி அகலம், நாற்பத்தைந்து அடி உயரம். அதைப் பார்க்காமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் முதல் சில பாட்டுகளுக்குத் திரை இருட்டாகவே இருந்தது. மைதானத்தின் நடுவுக்கு நீண்டு வந்த சின்ன மேடையில், திரையில் இருந்த மரத்தின் நிழல் தரையில் விழுந்த மாதிரி வடிவத்தில், நாலு பேரும் நெருங்கி நின்று வாசித்தார்கள். தூரத்து மாடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நாலு எறும்பு தெரிந்திருக்கும். எனக்கு ஒருவருடைய முதுகு தெரிந்தது. ஆறடி இரண்டு அங்குலம். எல்லாக் கச்சேரியிலும் இவர் வருவார். எப்போதும் உங்களுக்கு முன்னால்தான் நிற்பார். அவரைத் திட்டாதீர்கள். அவர் தோளின் இடுக்கு வழியாக போனோவின் வலக்கையும் லாரியின் ஒரு சிம்பலும் நன்றாகவே தெரிந்தன.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எவரும் சொல்வதில்லை. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால், டிரம்மர் குச்சியை இறக்குவது முதலில் கண்ணில் படும். சத்தம் கால் நொடிக்கும் மேல் தாமதமாக வரும். துறையூர்ப் பக்கம் குளத்தின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருந்தால் புரியும்: கை மேலே போன பிறகு ‘தொப்’ என்று கேட்கும். இதைச் சரிக்கட்ட மைதானத்தின் நடுவே கோபுரம் வைத்து அதில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். மேடையிலிருந்து வரும் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அந்த ஒலிபெருக்கியை வேண்டுமென்றே அந்த அளவு தாமதப்படுத்துவார்கள். இரண்டும் ஒன்றாகக் காதில் விழும். இந்தக் குழுவில் இதற்கு மேலும் ஒரு சிக்கல்: கிட்டார் வாசிக்கும் எட்ஜ் தன் பங்குக்குக் காலடியில் எதிரொலிப் பெட்டிகளை வைத்துக்கொண்டிருப்பவர். ஒரு சுரத்தை மீட்டினால் அது இரண்டாக, நாலாகத் திரும்பி வரும். அவர் அடுத்த சுரத்தை அந்த எதிரொலிகளின் இடைவெளியில் செருகுவார். அவர் பாணியே அதுதான். எதிரொலிக்குப் பேர்போனவரின் எதிரொலியைத் தாமதப்படுத்திக் கேட்கும்போது, எது அவர் வாசித்தது, எது பெட்டி வாசித்தது, எது எதிர்ப்பக்கச் சுவர் வாசித்தது என்று பிரிக்க முயலக் கூடாது. தலை வலிக்கும்.

காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிலிடங்களுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் போட்டிருக்கும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரி இரண்டு மணி நேரம். அத்தை கொடுத்த பஞ்சு இதற்குப் போதாது. இயர் பிளக் என்று நுரையில் செய்து விற்கிறார்கள், அது வேண்டும். நான் பஞ்சையும் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் அந்தப் புனேப் பெண் நிற்கிறாள். காதில் பஞ்சோடு ஒரு அங்கிள் நின்றால் எப்படி இருக்கும்?

சில பாட்டுக்குப் பின் நாலு பேரும் பெரிய மேடைக்கு நடந்தார்கள். திரை முழுக்கச் சிவப்பாயிற்று. கறுத்த மரம். அதன் கீழே நாலு கறுத்த உருவங்கள். ஆர்கன் தொடங்கியது.

‘வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்’ எப்படித் தொடங்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: தூரத்தில் விடிகிற மாதிரி ஆர்கன் வரும், அதற்குள்ளிருந்து கிட்டார் மூன்றின் கணக்கில் துளித்துளியாகக் கிளம்பும், டிரம் வந்து சேரும்போது கணக்கு நாலுக்கு மாறியிருக்கும். மாறிய இடம் தெரியாது. இந்த ஒரு பாட்டைச் சரிப்படுத்துவதற்கே ஸ்டுடியோவில் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்களாம். தயாரிப்பாளர்களில் ஒருவரான பிரையன் ஈனோ வெறுத்துப்போய் டேப்பையே அழித்துவிடக் கிளம்பினார், கூட இருந்தவர் தடுத்திருக்கிறார். இந்தத் தகவலை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிவுரை கேட்டால், என்னிடம் இல்லை. கையில் மூடியில்லாத பாட்டில் இருந்ததா என்றுகூட நினைவில்லை. சட்டை நனைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் ஐந்தாவது பாட்டு முடிந்ததும் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ‘ரன்னிங் டு ஸ்டாண்ட் ஸ்டில்’ மெல்லிய பாட்டு. மவுத் ஆர்கனோடு தேய்ந்து அடங்கும். அடங்கியது. நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே வேறொன்று ஓட ஆரம்பித்தது. இந்த இடத்தில் முப்பது வருடமாக என் காதில் விழுவது ‘நாயகன்’ பாட்டின் முன்னிசை. அரை நொடி அதற்காகக் காத்தேன். அதுவும் முடிந்தால் என்ன செய்ய வேண்டுமென்று கைக்குத் தெரியும். வலக்கை தானாக எழுந்து, கட்டைவிரல் காற்றில் எதையோ அமுக்கியது. எஜெக்ட் பொத்தான். கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

மேடையில் யாரும் எதையும் திருப்பவில்லை. திரையில் பித்தளை வாத்தியக் குழு ஒன்று தோன்றியது. நேராக ஆறாவது பாட்டு, ‘ரெட் ஹில் மைனிங் டவுன்’. 1984-ல் பிரிட்டனில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்டது. ஆல்பம் வந்த நாளிலிருந்து 2017 வரை அவர்கள் இதை ஒரு மேடையிலும் பாடியதில்லை. அபூர்வமான பாட்டு. பழைய ரசிகர்கள் இதற்காகவே வந்திருந்தார்கள். நானோ கமல்ஹாசன் வராத ஏக்கத்தில் அதன் முதல் சரணத்தைக் கோட்டைவிட்டேன்.

கூடப் பாடலாமா என்று கேட்பீர்கள். பாடலாம், மெதுவாக. உங்கள் பக்கத்தில் நிற்பவர் காசு கொடுத்தது போனோவைக் கேட்க. தவிர, தாளில் அச்சிட்ட வரிகள் இல்லாமல் காதால் மட்டும் பாட்டைக் கற்றவர்கள் நாம். ஒன்பதாவது பாட்டில் நான் முப்பது வருடமாகப் பாடிவந்த ஒரு சொல் ஆங்கிலத்திலேயே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறுதியாயிற்று.

கடைசிப் பகுதியில் ஏ.ஆர். ரஹ்மான் மேடைக்கு வந்தார், மகள்கள் கதீஜாவும் ரஹீமாவும் உடன் வர. யு2-வும் அவரும் சேர்ந்து சில வாரம் முன்புதான் ‘அகிம்சா’ என்ற பாட்டை வெளியிட்டிருந்தார்கள். பெண்கள் பாடத் தொடங்கியது தமிழில். அதுவும் திருக்குறள். நவி மும்பையில், அயர்லாந்துக்காரர்கள் நாலு பேர் பின்னால் நின்று வாசிக்க, வள்ளுவர். எனக்குத் தொண்டை அடைத்தது என்று சொல்ல மாட்டேன், நேரமே கிடைக்கவில்லை. புனேப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், இது தமிழ்தானே? என்ன அர்த்தம்?”

மாலையெல்லாம் நான் காத்திருந்த கேள்வி. அதிகாரம் தெரியும்: இனியவை கூறல். எண் தெரியும்: நூறு. பத்தாம் வகுப்பில் மனப்பாடப் பகுதி. அடி பிறழாமல் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தத்தில், ஆங்கிலத்தில், அவள் காதருகே கத்திச் சொல்ல வந்தது இவ்வளவுதான்: “பழம் இருக்கும்போது காயைத் தின்னாதே.”

அவள் யோசித்தாள். “டயட் பத்தியா?”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வள்ளுவர் பொறுத்துக்கொள்வார், பொறையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதியவர்தானே.

வெளியே வருவதற்கு விதி ஏதுமில்லை, கூட்டம் உங்களைக் கொண்டுவந்து விடும். ஸ்டேஷன் நடை தூரம்தான் என்பார்கள். ஐந்தாறு மணி நேரம் நின்ற காலுக்கு நடை தூரம் என்று ஒன்று கிடையாது. நெருளில் ரயில் ஏறி ஜன்னல் ஓரம் கிடைத்ததும் போனைப் பார்த்தேன். நாலு சதவீதம் சார்ஜ். வீட்டுக்கு ‘முடிந்தது’ என்று ஒரு செய்தி அனுப்பினேன். மிச்சத்தில் ஒரு பாட்டுக் கேட்கலாம். கேட்டேன். ‘நாயகன்’. வாஷிப் பாலத்தின் நடுவே, கீழே இருட்டுத் தண்ணீர், பல்லவி இரண்டாம் முறை வரும்போது போன் அணைந்தது.

செம்பூரில் ஆட்டோ கிடைக்கவில்லை. இருபது நிமிடம் நடந்து போய்க் கதவைத் தட்டினேன். அத்தை தூங்காமல் இருந்தார். ரசம் சுட வைக்கட்டுமா என்று கேட்டார். காதில் கொய்யென்று இரைச்சலாக இருந்ததால் அவர் அதை மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. பஞ்சு சட்டைப் பையிலேயே இருந்தது, நனைந்து. இயர் பிளக் வாங்கிக்கொண்டு போங்கள், மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.